கேட்கத் தெரிந்த அம்மையார்

உயர்தர வகுப்பிலே கலைப்பிரிவில் பயிலும் மாணவியொருத்தி மாலை வேளைகளில் ஆங்கிலம் படிப்பதற்கு எம்மிடம் வருவதுண்டு. அண்மையில் ஒருநாள் அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சேர், ரீவியில ஆக்களுக்கு ஊக்கம் குடுக்கிற மாதிரி நிகழ்ச்சி நடத்திற ஆளா வரவேணுமெண்டால் என்ன பாடம் எடுக்கவேணும்?" என்று கேட்டாள். வைத்தியராவதற்கு என்ன பாடம், கணக்காளராவதற்கு என்ன பாடம் என்று எமது பிள்ளைகள் கேட்பது வழக்கம். அவற்றுக்கு விடை அச்சிட்ட கைநூல்களிலே கிடைக்கும். இவள் கேட்ட தொழிலுக்கு அப்படியொரு கைநூலை நாம் கண்டதில்லை. கூட்டிப்போக வந்து வாசற்படியில் நின்ற தாயார், "இந்த விசர்க்கதையை விட்டுப்போட்டுப் படிக்கச் சொல்லுங்கோ சேர்" என்றார். அது விசர்க்கதை என்று எமக்குத் தோன்றவில்லை. இலகுவான காரியம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

பேசுவதையே தொழிலாகக் கொண்டு பெரும்புகழ் பெற்றவர்களை எமது நாடு அறியும். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பிலே எஸ். பி. மயில்வாகனம் அவர்களுடைய குரலுக்காகக் கடலுக்கு அப்பாலும் காத்திருந்தார்கள். அவருக்குப் பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் பெயர்கள் வீடுதோறும் புழங்கின. தொலைக்காட்சி எமக்குச் சற்றுப் பிந்தியே கிடைத்தது. 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாகினியும் தொடங்கின. ஆயினும் மாணவி விரும்பிய தொழில் இனிய குரலோடும் தெளிந்த உச்சரிப்போடும் முடிந்துவிடுவதன்று. முன்பின் அறியாத ஒருவரை எதிரே இருத்தி, அவருடைய துன்பத்தையோ முயற்சியையோ அவர் வாயாலேயே சொல்லவைத்து, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பல இலட்சம் பேர் தத்தம் வாழ்வை எண்ணிப் பார்க்கும்படி செய்கின்ற தொழில் அது. உலகிலே அதனை உச்சத்துக்குக் கொண்டுசென்றவர் அமெரிக்காவின் ஓப்ரா வின்பிரி அம்மையார் என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆகவே அவருடைய வரலாற்றையே அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தலைப்பட்டோம். அவர் உயர்ந்த பகுதியைக் காட்டிலும் அவரை வேலையிலிருந்து இறக்கிவிட்ட பகுதியையே நீட்டிச் சொன்னோம். காரணம் போகப்போகத் தெரியும்.

மிசிசிப்பி மாநிலத்திலே கொசியஸ்கோ என்னும் சிற்றூரில், 1954 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 29 ஆந் திகதி, மணமாகாத இளம் பெண்ணொருத்தியின் மகளாக அவர் பிறந்தார். வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் வேறு வேறு பாடசாலைகளில் வைப்பது சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டிலேதான். தீர்ப்பு வந்தவுடன் தென்மாநிலங்களின் நடைமுறை மாறிவிடவில்லை. விவிலியத்திலே ரூத்தின் கதையில் வரும் ஓர்ப்பா என்ற பெயரையே குழந்தைக்கு இட்டனர். அழைப்போர் நாவிலே அது புரண்டு ஓப்ரா ஆயிற்று. தாய் வேலை தேடி வடக்கே சென்றுவிட, ஆறு வயது வரையில் பாட்டியாரின் பண்ணையிலே வளர்ந்தார். உருளைக்கிழங்குச் சாக்கிலே தைத்த உடுப்பை அணிந்த காலமும் உண்டு. வறுமையைப் பற்றி இவ்வளவு சொன்னாற் போதும். எமது நாட்டிலும் பலர் அதை நேரிலே கண்டவர்கள்.

எம்மைக் கவர்ந்தது வேறொன்று. அந்தப் பாட்டியார் குழந்தைக்கு மூன்று வயது நிரம்புமுன்னரே வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். தேவாலயத்திலே சபைக்கு முன்னால் நிறுத்தி வேதவசனங்களை ஒப்புவிக்கச் செய்தார். ஒருநாள் முற்றத்திலே பெரிய பாத்திரத்தில் துணிகளை அவித்துக்கொண்டிருந்தபோது, "நன்றாகப் பார்த்துக்கொள், நாளைக்கு நீயும் இதைச் செய்யவேண்டியவள்" என்ற கருத்துப்படப் பேத்திக்குச் சொன்னாராம். வெள்ளையர் வீடுகளிலே வேலைசெய்து வாழ்ந்த பெண்மணி அவர். தாம் அறிந்த உலகத்தை வைத்துச் சொன்னார். பேத்தி மறுத்துப் பேசவில்லை. ஆனால் அது தம்முடைய வாழ்வாக இருக்கப்போவதில்லை என்று அப்போதே உள்ளத்திற் பட்டதாக அம்மையார் பிற்காலத்திற் பல தடவை கூறியிருக்கின்றார். என்னவாக வரப்போகின்றோம் என்பது அந்த வயதில் அவருக்குத் தெரியவில்லை. எதுவாக வரமாட்டோம் என்பது மட்டுமே தெரிந்திருந்தது.

பின்னர் மில்வோக்கி நகரிலே தாயாருடன் வாழ்ந்த ஆண்டுகள் கொடியவை. ஒன்பது வயது முதல் உறவினராலும் வீட்டுக்கு வந்துபோனோராலும் அந்தப் பிள்ளைக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களை இங்கே விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. பதினான்காவது வயதிலே குறைமாதத்திற் பிறந்த ஆண்குழந்தையொன்றைப் பறிகொடுத்தார். அதன்பின் நாஷ்வில் நகரிலே தந்தையாரிடம் சேர்ந்தார். தந்தை வேர்னன் வின்பிரி சிகையலங்காரக் கடை நடத்தியவர், கண்டிப்பானவர். அந்த வீட்டிலே நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்தால் வாசித்து முடித்ததற்குச் சாட்சியாகச் சுருக்கம் எழுதிக் காட்டவேண்டும். புதிய சொற்களைப் படித்து ஒப்புவிக்கவேண்டும். அந்தத் தந்தையை யாழ்ப்பாணத்து ஒழுங்கையொன்றிலே கொண்டுவந்து விட்டாலும் அயலவர் வித்தியாசம் கண்டுபிடிக்கமாட்டார் என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

பதினேழாவது வயதிலே, தீத்தடுப்பு அழகி என்ற ஒரு வேடிக்கையான பெயருடைய போட்டியிலே ஓப்ரா வெற்றிபெற்றார். பரிசை வாங்குவதற்கு வானொலி நிலையத்துக்குச் சென்றபோது, ஒலிப்பதிவிலே உன் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்கவேண்டாமா என்று அங்கிருந்த ஒருவர் விளையாட்டாகக் கேட்டார். கொடுத்த தாளை அவர் வாசித்தார். தேவாலயத்திலே மூன்று வயது முதல் பழகிய நாவல்லவா? நிலையத்தில் இருந்தவர்கள் மற்றவர்களையும் அழைத்துக் கேட்கச் செய்தனர். பாடசாலை முடிந்தபின் செய்தி வாசிக்கும் பகுதிநேர வேலை கிடைத்தது. அங்கிருந்து நாஷ்வில் தொலைக்காட்சி நிலையத்துக்கு அழைப்பு வந்தது. அந்நிலையத்தின் மிக இளைய செய்தி வாசிப்பாளரும், அங்கே அப்பணியிற் சேர்ந்த முதலாவது கறுப்பினப் பெண்மணியும் அவரே. அக்காலத்திலே பார்பரா வோல்ற்றேர்ஸ் என்னும் புகழ்பெற்ற பெண்மணியைப் போலவே உட்காரவும் பேசவும் முயன்றதாக அவரே சொல்லிச் சிரித்திருக்கின்றார். ஒருநாள் செய்தி வாசிக்கையிலே கனடா என்ற பெயரையே பிழையாக உச்சரித்துவிட்டு, அடக்கமாட்டாமற் சிரித்துவிட்டாராம். பிறருடைய சாயலிலிருந்து தாம் வெளியே வந்த முதற் கணம் அதுதான் என்பது அவர் கருத்து.

1976 ஆம் ஆண்டிலே, இருபத்திரண்டு வயதில், பால்ற்றிமோர் நகரின் பெரிய நிலையமொன்று அவரை மாலைச் செய்திக்கு இணை வாசிப்பாளராக அழைத்தது. "ஓப்ரா என்றால் என்ன?" என்று நகரெங்கும் விளம்பரம் செய்தார்கள். அவ்வளவு ஆரவாரத்தோடு வந்தவரை எட்டு மாதங்களிலே அந்த ஆசனத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். காரணம் சோம்பலன்று, திறமையின்மையுமன்று. எங்காவது வீடு தீப்பற்றி எரிந்தால், பொருள் பண்டங்களை இழந்து நிற்போரிடம் போய், இப்போது உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்பது செய்தியாளர் தொழில். அவருக்கு அது கைவரவில்லை. கேட்கத் தொடங்கியவுடன் கண் கலங்கும். வேலை முடிந்தபின் போர்வை எடுத்துக்கொண்டு அந்தக் குடும்பத்திடம் திரும்பிப் போய்விடுவார். இவ்வளவு உணர்ச்சி செய்திப் பிரிவுக்கு ஆகாது என்று மேலதிகாரிகள் எச்சரித்தனர். தோற்றமும் சரியில்லை என்றார்கள். கூந்தலைச் சுருட்டுவதற்கு நியூயோர்க்கின் சிகையலங்கார நிலையமொன்றுக்கு அனுப்ப, அங்கே பூசிய இரசாயனத்தால் இருந்த கூந்தலும் கொட்டிப்போயிற்று. தலைமயிரும் இல்லை, ஆசனமும் இல்லை என்ற நிலை. ஒப்பந்த காலம் முடியவில்லை. ஆதலால் சில்லறை வேலைகளைக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

ஒப்பந்தம் இருந்ததனாலேயே 1978 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் தொடங்கிய காலை நிகழ்ச்சியொன்றுக்கு அவரை இணை நடத்துநராக்கினார்கள். செய்தியிலிருந்து உரையாடலுக்குப் போவது அக்காலத்திற் பதவியிறக்கம். அவர் அழுதுகொண்டுதான் ஒப்புக்கொண்டார். முதல் நாள் வந்தவர்களில் ஒருவர் ஐஸ்கிறீம் வியாபாரி. மற்றவர் தொடர்நாடகமொன்றின் நடிகர். உலகத்தைப் புரட்டும் விஷயம் எதுவும் அங்கே பேசப்படவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் முடிந்தபோது, தாம் சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டதுபோல உணர்ந்ததாக அம்மையார் சொல்லுகின்றார். எரிந்த வீட்டின் முன்னால் எது குற்றமாகக் கருதப்பட்டதோ, அதே குணம் நாற்காலியில் அமர்ந்து ஒருவரோடு பேசும்போது பெரிய தகைமையாயிற்று. ஆள் மாறவில்லை, அமர்ந்த இடம் மாறியது. வேலையிலே தவறிய பிள்ளையை, "இது ஒன்றுக்கும் உதவாது" என்று ஒரே சொல்லிற் தள்ளிவிடும் பெற்றோர் எமது சமூகத்திலே குறைவல்லர். அவர்கள் இந்த இடத்திலே சற்று நின்று போகலாம்.

அம்மையாரின் நிகழ்ச்சியை நாம் நாள்தோறும் பார்த்தது 2003 ஆம் ஆண்டு மாரி காலத்தில். மகளின் வீட்டிலே தங்குவதற்காக ரொறன்ரோ சென்றிருந்தோம். வெளியே பனி, பிள்ளைகள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவார்கள். வீட்டிலே நாமும் எமது சம்பந்தியம்மாவுமே. அவர் தீவகத்திலே பிறந்து வளர்ந்தவர். ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியார். ஆயினும் பிற்பகலில் அந்த நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்குத் தேநீரை ஊற்றிவைத்துவிட்டு, சேலைத் தலைப்பைப் போர்த்துக்கொண்டு வந்து அமர்ந்துவிடுவார். விளங்காத மொழியில் இவருக்கு அப்படி என்ன இருக்கின்றது என்று எமக்கு வியப்பு. ஒருநாள் கேட்டே விட்டோம்.

"கதை எனக்கு விளங்காது மாஸ்டர். அந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோ. மற்ற ஆள் கதைக்கேக்கை இது வேறை ஒண்டையும் நினைக்கேல்லை" என்றார்.

ஐம்பது வயதை அடையவிருந்த, உலகின் பெருஞ் செல்வந்தர்களுள் ஒருவரான அந்தப் பெண்மணி அவருக்கு 'அந்தப் பிள்ளை'. அன்றிலிருந்து நாமும் பேச்சை விட்டு முகத்தைக் கவனிக்கத் தொடங்கினோம். சம்பந்தியம்மா சொன்னது மெய். விருந்தினர் பேசும்போது அடுத்த கேள்வியைத் தேடும் பதற்றம் அம்மையாரின் கண்களிலே இல்லை. கையிலிருந்த குறிப்பைப் பார்ப்பது அபூர்வம். சில வேளைகளில் எதிரே இருப்பவர் சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டால், இவரும் பேசாமல் இருப்பார். தொலைக்காட்சியிலே ஐந்து விநாடி மௌனம் என்பது பெரிய காலம். அதை அஞ்சாமற் செலவிடுவார்.

மற்றொருநாள் மகனை இழந்த தாயொருவர் நிகழ்ச்சிக்கு வந்திருந்தார். அவர் சொன்னதை இரண்டொரு வாக்கியங்களில் நாம் தமிழிலே சொல்லிக்கொண்டிருந்தோம். விளம்பரம் தொடங்கியதும் சம்பந்தியம்மா, யாரும் கேளாமலே, தமது இரண்டாவது மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். 1990 ஆம் ஆண்டிலே வீட்டைவிட்டுப் போன பிள்ளை, திரும்பி வரவில்லை. அந்த வீட்டிலே அவனுடைய பெயரை ஒருவரும் சொல்லுவதில்லை. அம்மாவின் மனம் தாங்காது என்று பிள்ளைகளும், பிள்ளைகளின் மனம் தாங்காது என்று அம்மாவுமாகப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவனுக்குப் பிடித்த கறி எது, எந்த மரத்திலிருந்து விழுந்து கையை முறித்தான், போன அன்று என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்பனவற்றையெல்லாம் ஒழுங்காகச் சொன்னார். விளம்பரம் முடிந்தது. நாம் ஒலியைக் குறைத்துவிட்டோம். அன்று மிகுதி நிகழ்ச்சியை இருவருமே பார்க்கவில்லை. பேசி முடிந்ததும் அவர் எழுந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவச் சென்றார்.

இந்த வல்லமை ஒரு நாளிலே வந்ததன்று. 1984 ஆம் ஆண்டு ஜனவரியிலே சிக்காகோ நகரின் அரைமணி நேரக் காலை நிகழ்ச்சியொன்றுக்கு ஓப்ரா அழைக்கப்பட்டார். பார்ப்பவர் தொகையிலே கடைசியில் நின்ற நிகழ்ச்சி அது. எதிரே நின்றவரோ பில் டொனஹ்யூ. 1967 இலே தொடங்கி, ஒலிவாங்கியைப் பார்வையாளரிடமே கொண்டுசென்று அவர்களைப் பேசவைக்கும் முறையைப் பரப்பிய பெரியவர். அவரை வெல்ல முடியாது என்பதே எல்லோருடைய எண்ணமும். தாம் கறுப்பினத்தவர், உடல் பருத்தவர் என்பதை ஓப்ராவே எடுத்துச் சொன்னபோது, இருக்கிறபடியே இரு என்று நிலைய அதிகாரி பதிலளித்தாராம். ஏறத்தாழ ஒரு மாதத்திலே சிக்காகோவில் டொனஹ்யூவை அவர் முந்திவிட்டார். 1985 இலே நிகழ்ச்சி அவருடைய பெயரைப் பெற்றது. 1986 செப்ரெம்பர் 8 ஆந் திகதி முதல் நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று.

இங்கே தொழில்முறை பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மாணவர்கள் அறியவேண்டிய விஷயம் இது. அமெரிக்காவிலே இத்தகைய நிகழ்ச்சியைத் தயாரித்தவர்கள் ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்குத் தனித்தனியே விற்பார்கள். நடத்துநர் சம்பளக்காரராக இருந்தால் சம்பளத்தோடு சரி. தயாரிப்பும் அவருடையதாயின் இலாபமும் அவருக்கே. அதைவிட முக்கியமாக, இன்ன விஷயத்தைப் பேசு, இன்னதை விடு என்று கட்டளையிட வேறொருவர் இல்லை. அம்மையார் தமது பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு ஹார்போ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1988 இலே நிகழ்ச்சியின் உரிமையையே பெற்றுக்கொண்டார். பின்னர் அவர் எடுத்த முடிவுகளுக்கு அந்த உரிமை தேவைப்பட்டது.

ஏனெனில், புகழ் வந்ததும் நோக்கமும் கூடவே வந்துவிட்டது என்று எண்ணலாகாது. ஆரம்ப ஆண்டுகளில் அந்த நிகழ்ச்சியும் மற்றவற்றைப் போலச் சண்டையும் பரபரப்பும் நிறைந்ததாகவே இருந்தது. 1988 இலே நிறவெறி பேசும் இளைஞர் கூட்டமொன்றை மேடைக்கு அழைத்தார். அவர்களை வெட்கப்படுத்தலாம் என்று நினைத்தவருக்கு, இடைநடுவிலே, தம்முடைய மேடையை அவர்களே பயன்படுத்திக்கொள்கின்றார்கள் என்பது புரிந்தது. அதற்குச் சிறிது காலத்தின்பின், வேற்றுப் பெண்ணோடு உறவுகொண்ட கணவனொருவன், அப்பெண் கர்ப்பமுற்றிருக்கின்றாள் என்பதை மனைவிக்கு அந்த மேடையிலேயே வெளியிட்டான். அந்த மனைவியின் முகம் மாறியதை அம்மையார் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒரு பெண் இத்தகைய அவமானத்துக்கு ஆளாவதற்குத் தாம் இனிக் கருவியாக இருப்பதில்லை என்று அன்று தீர்மானித்ததாகப் பின்னர் கூறியிருக்கின்றார்.

அதன்பின் தம்முடன் பணிபுரிந்தோருக்கு ஒரு விதி செய்தார். எந்த விஷயத்தைக் கொண்டு வந்தாலும், இதனை எந்த எண்ணத்தோடு செய்கின்றோம் என்பதை முதலிலே சொல்லவேண்டும். சொல்ல முடியாததைச் செய்வதில்லை. 1994 ஆம் ஆண்டளவில் நிகழ்ச்சியின் போக்கே மாறிவிட்டது. மாற்றத்துக்கு விலையும் இருந்தது. நாற்காலி எறிந்து சண்டைபிடிக்கும் நிகழ்ச்சிகள் பெருகிய காலம் அது. 1998 இலே அத்தகைய ஒன்று சில வாரங்கள் இவரை முந்தியும் சென்றது. இவர் பின்னோக்கித் திரும்பவில்லை. எமது அபிப்பிராயத்திலே, ஓப்ரா வின்பிரி தொழிலைக் கண்டது 1978 இல். தொழிலின் நோக்கத்தைக் கண்டது இந்த ஆண்டுகளிலேதான். இரண்டுக்கும் இடையே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

நோக்கம் தெளிந்தபின் நடந்தவற்றிலே இரண்டைக் குறிப்பிடலாம். சிறுவயதில் தமக்கு நேர்ந்த கொடுமையை 1986 இலேயே நிகழ்ச்சியில் வாய்விட்டுச் சொன்னவர் அவர். அதே விஷயத்தைப் பற்றி 1991 இலே அமெரிக்கச் செனற் சபைக் குழுவின் முன் சாட்சியமளித்தார். பிள்ளைகளுக்குத் தீங்கிழைத்தோரைப் பற்றிய விபரங்களைத் தேசிய அளவிலே திரட்டி வைக்க வகைசெய்யும் சட்டம் 1993 டிசம்பரிலே நிறைவேறியபோது, பலரும் அதனை ஓப்ரா சட்டம் என்றே அழைத்தனர். மற்றையது, 1996 இலே தொடங்கிய வாசகர் வட்டம். தொலைக்காட்சி புத்தகத்தின் எதிரி என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலே, இவர் ஒரு நாவலைக் கையிலே தூக்கிக் காட்டி, இதை வாசித்துவிட்டு வாருங்கள், பேசுவோம் என்றார். ஜனங்கள் புத்தகக் கடைகளுக்குப் படையெடுத்தனர். ரோனி மொறிசனின் நாவலொன்று, வெளிவந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், இவர் கைபட்டு மறுபடியும் விற்பனைப் பட்டியலில் ஏறியது. நாஷ்வில்லிலே சுருக்கம் எழுதிக் காட்டச் சொன்ன வீட்டுக்கு அதிலே பங்கு உண்டு என்று நாம் நம்புகின்றோம்.

குறை சொல்லவும் இடமுண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். மனத்திலே ஊன்றி நினைத்தாற் போதும், நினைத்தது வந்து சேரும் என்று போதித்த நூலொன்றை 2007 இலே அவர் பெரிதும் பாராட்டினார். அதே ஆண்டிலே, தடுப்பூசியே தம் மகனின் ஓட்டிசக் குறைபாட்டுக்குக் காரணம் என்று சொன்ன நடிகையொருவருக்கு மேடை கொடுத்தார். அப்படி ஒரு தொடர்பு இல்லை என்பதை மருத்துவ ஆராய்ச்சிகள் உறுதிப்படுத்தியுள்ளன. துன்பப்பட்டவர் சொல்லும் கதைக்குச் செவிகொடுப்பது வேறு; அவர் கூறும் காரணத்தை ஏற்றுக்கொள்வது வேறு. கேட்பதிலே வல்லவரான ஒருவர் அந்த எல்லையிலே வழுக்கிவிடுவது எளிது. 2004 இலே பார்வையாளர் 276 பேருக்கும் ஆளுக்கொரு மோட்டார் வாகனம் வழங்கிய கதை உலகப் பிரசித்தம். பெற்றவர்கள் அதற்காகச் சில ஆயிரம் டொலர் வரி கட்டவேண்டியிருந்தது என்ற மிகுதிக் கதை அவ்வளவு பிரசித்தமன்று. எமக்கு அந்த ஆரவாரம் பிடிக்கவில்லை. சம்பந்தியம்மாவுக்கும் பிடித்திராது.

மாணவிக்கு இவற்றையெல்லாம் இரண்டு மாலைகளிலே சொன்னோம். தாயாருக்கும் ஒரு செய்தி வைத்திருந்தோம். ஓப்ரா அம்மையார் பல்கலைக்கழகத்திலே பேச்சுக்கலையும் நாடகமும் பயின்றவர். தொலைக்காட்சி வேலைக்காகப் பட்டத்தை முடிக்காமலே வெளியேறினார். நாடெங்கும் புகழ்பெற்று, கோடிக் கணக்கிலே உழைத்தபின்னரும், "பட்டம் எப்போது?" என்று தந்தையார் கேட்டுக்கொண்டேயிருந்தாராம். அவர் விடாப்பிடியாக நின்றதனாலே மிகுதிப் பாடத்தையும் எழுதிக்கொடுத்து, 1980 களின் பிற்பகுதியிலே பட்டம் பெற்றார். இதைக் கேட்டபோது தாயாரின் முகம் சற்று மலர்ந்தது. "பாத்தியா?" என்று மகளைப் பார்த்தார்.

மகளுக்கு நாம் பாடம் எதனையும் விதிக்கவில்லை. ஒரு வேலை கொடுத்தோம். அவளுடைய ஒழுங்கையின் தொங்கலிலே தனியே வசிக்கும் ஆச்சியொருவரிடம் போய், அரைமணி நேரம் அவர் சொல்லுவதைக் கேட்டு வரவேண்டும். இடையிலே தன் கதையைச் சொல்லக்கூடாது, புத்திமதி கூறக்கூடாது, கைத்தொலைபேசியை எடுக்கக்கூடாது. அடுத்த வாரம் வந்தவள், "சேர், முதல் பத்து நிமிஷமும் மாட்டைப் பற்றியே சொன்னா. எனக்கு அலுத்துப்போச்சு. பிறகுதான் அவ வேறை கதைக்குப் போனவ" என்றாள். என்ன கதை என்று கேட்டோம். "அதை அவ உங்களுக்குச் சொல்லச் சொல்லேல்லை" என்றாள். அந்த மறுமொழி எமக்குப் பிடித்திருந்தது. மறுவாரமும் போனாளா என்று நாம் விசாரிக்கவில்லை. ஆச்சியின் வீட்டுப் படலையிலே அவளுடைய சைக்கிள் சாத்தியிருந்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னார்.

2011 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆந் திகதி ஓப்ரா வின்பிரி நிகழ்ச்சியின் கடைசி அங்கம் ஒளிபரப்பாயிற்று. இருபத்தைந்து ஆண்டுகள், 4,561 நிகழ்ச்சிகள். கடைசி நாளிலே விருந்தினர் இல்லை, பரிசுப் பொருள் இல்லை. அவர் தனியே நின்று பேசினார். இந்த மேடையிலே ஏறத்தாழ முப்பதாயிரம் பேருடன் பேசியிருக்கின்றேன். அத்தனை பேரும் விரும்பியது ஒன்றையேதான் என்றார். என்னைக் காண்கின்றாயா, நான் சொல்வது உன் காதிலே விழுகின்றதா, நான் சொல்வது உனக்கு ஒரு பொருட்டா என்பதை அறிந்துகொள்ளவே எல்லோரும் ஏங்கினார்கள் என்ற கருத்திலே அவருடைய பேச்சு அமைந்தது. ரொறன்ரோவிலே ஆங்கிலம் அறியாத ஒருவர் எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே இதனைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எமக்குள்ளே சொல்லிக்கொண்டோம்.

விடைபெறும் சொல்லை அம்மையார் சொல்லவில்லை. மீண்டும் சந்திக்கும் வரை என்றுமட்டும் சொன்னார். எமது ஊரிலும் படலையைத் திறந்துகொண்டு புறப்படுபவர் போகின்றேன் என்று சொல்வதில்லை. போட்டு வாறன் என்றே சொல்லுவார். பிறகு நிலையத்தின் நடைகூடத்திலே, உடன் உழைத்தவர்களை ஒவ்வொருவராகத் தழுவியபடி, தமது சிறிய நாயைக் கையிலே ஏந்திக்கொண்டு அவர் நடந்து சென்றார்.